உன் உன் என்னியம்

டேய், நூற்றுப் பத்தொன்பது,

இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற அப்பாக்களுக்கு மீசை நரைத்திருக்கும். மகன் கல்யாணம் கட்டிக்கொண்டு போகும்போதோ, வெளிநாட்டுக்கு விமானம் ஏறும்போதோ உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு மீசையே இப்போதுதான் ஒழுங்காக வந்திருக்கிறது. நீயோ எங்கள் கம்பெனியின் ஒரு ஷிப்ட் அளவுகூட இந்த ஊரில் முழுசாக இருக்கவில்லை. காலை டீக்கு வந்தாய், மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன்னால் போய்விட்டாய். ஆனாலும் வளர்ந்த பிள்ளைக்கு எழுதுகிற மாதிரிதான் உனக்கு எழுதப்போகிறேன். உன் அம்மா வயிற்றில் நீ இருந்த மாதங்களில் நான் உன்னைக் கிடுகிடுவென்று வளர்த்துவிட்டேன். ஸ்கூல் சேர்த்து, ஸ்கூலில் சண்டை போட வைத்து, சைக்கிள் வாங்கித் தந்து, கடைசியில் என் வயசுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். என் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு, என் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிற ஆளாக. அந்த ஆளுக்குத்தான் இது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பேட்டைக்குப் பின்னால், ஒற்றை அறை வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சூளை ஆறுகிற நாள். சூளை ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும். அதனால் வேலை இல்லை. உன் அம்மாவும் இல்லை. நேற்று கருவேப்பிலங்குறிச்சியில் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. உனக்குப் பின்னால் ஒன்று வருகிறது. வளையல் போட்டவள் பிள்ளை பெறும்வரை தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் நான் ஒருத்தன் மட்டும் பஸ் ஏறி வந்துவிட்டேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நிறையப் போட்டுவிட்டேன். பானையில் அப்படியே இருக்கிறது.

நேற்று ஒன்று நடந்தது. அதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் சரியாக வராது. விஷயம் சின்னது. உன்னை எண்ணுவதா, விடுவதா. "எத்தனை பிள்ளைங்க?" என்று யாராவது கேட்டால் உன்னைச் சேர்த்துச் சொல்வதா, வேண்டாமா. நீ போனதிலிருந்து இந்த ஒரு கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு உன் அம்மா ஒரு சுவரைப் பார்த்தும் நான் ஒரு சுவரைப் பார்த்தும் படுத்திருந்தோம். அவள் உன்னை எண்ணுகிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க பயம். நான் எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகக் கேட்கிற ஆள், இதை மட்டும் கேட்கவில்லை.

முதலில் உன் பேர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் படிப்பு ஓடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஓடியது. நான்தான் ஒரே இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து போய்விட்டேன். விருத்தாசலம் காலேஜில் கெமிஸ்ட்ரி, மூன்றாம் வருஷம் பாதியில் விட்டேன். யாரோ எப்போதோ செய்து முடித்த பரிசோதனையைத் திரும்பச் செய்து, வர வேண்டிய விடையை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவரவில்லை. இன்னும் யாருக்கும் விடை தெரியாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படித் தேடும்போது போனில் கிடைத்ததுதான் நூற்றுப் பத்தொன்பது. இதுவரை உலகத்தில் நூற்றுப் பதினெட்டுத் தனிமங்கள். கடைசியில் இருக்கிற கனமான கூட்டம் எதுவும் மண்ணில் தோண்டி எடுத்தது இல்லை, செய்தது. ஒரு அணுவை இன்னொரு அணுமேல் வேகமாக அடித்து, ரெண்டும் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. நூற்றுப் பத்தொன்பதை இன்னும் யாரும் செய்யவில்லை. செய்யாததற்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நிஜப் பேர் வரும்வரை எண்ணையே உடைத்துச் சொல்வது. ஒன்றுக்கு 'உன்', இன்னொரு ஒன்றுக்கு 'உன்', ஒன்பதுக்கு 'என்'. கடைசியில் ஒரு 'இயம்'. உன்உன்என்னியம். காலியாக இருக்கிற வீட்டுக்கு வெளியே முன்கூட்டியே பேர்ப்பலகை மாட்டி வைக்கிற மாதிரி.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீமுஷ்ணத்தில். அங்கிருந்து காலேஜுக்கு வருகிற தனியார் பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கும்பல் ஏறும். ஒருநாள் கூட நின்றவனிடம் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். "பொறக்கவே இல்லடா, ஆனா பேரு ரெடியா இருக்குது. உன்... உன்... என்..." என்று சொல்லும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வாய் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு நேர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் திரும்பினாள்.

"என்னா, உன் உன் என்னுன்னு இழுத்துக்கினு வர? சொல்லணும்னா சொல்லு. இல்லன்னா கம்முனு வா."

"உங்களச் சொல்லலங்க. அது ஒரு தனிமம்."

"எந்தத் தனிமம்?"

"நூத்திப் பத்தொம்போது. இன்னும் கண்டுபிடிக்கல."

"கண்டுபிடிக்காததுக்கு எதுக்குப் பேரு?"

"வந்தா கூப்புடணும் இல்லீங்க."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முழுப் பேரு சொல்லு" என்றாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். "உன், உன், என். ரெண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு ஒனக்கா? பாகம் பிரிக்கறது நல்லாத்தான் இருக்குது." அவள்தான் செலின், உன் அம்மா. கெமிஸ்ட்ரியில் நான் கற்றதிலேயே உருப்படியான பலன் அது ஒன்றுதான். ஒரு பெண் கோபமாகத் திரும்பிக் கேட்டால் சமாளிக்காதே, முழுப் பேரையும் சொல்லிவிடு. உனக்காக எடுத்து வைத்திருந்த புத்திமதிகளில் இது ஒன்று.

படிப்பை விட்டதும் கொஞ்ச நாள் செல்போன் கடை, கொஞ்ச நாள் லாரி, கொஞ்ச நாள் ஓசூர். எதிலும் நிற்கவில்லை. அப்பா அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், நான் விருத்தாசலத்துக்கு வந்து பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, போடுகிற பிரிவில் சேர்ந்தேன். செலினைக் கட்டிக்கொண்டது அதற்கு அப்புறம். மாதா கோயிலில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது என் பேருக்குப் பக்கத்தில் சொல்ல ஒரு படிப்பும் இல்லை. "நாந்தான் வேணும்னு சொல்றன், படிப்பா குடும்பம் நடத்தப்போவுது" என்று செலின் வீட்டில் பேசி முடித்தாள். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் முடிந்துவிடும்.

கம்பெனியில் பொம்மைக்கு நீலம் அடிக்க ஒரு பொடி கலப்போம். அதற்குள் வெனேடியம் இருக்கிறது. நீ வருகிறாய் என்று தெரிந்த வாரம், ஜப்பானில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அதே வெனேடியத்தைத்தான் கியூரியம்மேல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். வெனேடியம் இருபத்து மூன்று, கியூரியம் தொண்ணூற்றாறு. கூட்டிப் பார். என்னோடு வேலை பார்க்கிற அன்சாரி, ஷார்ஜாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பிடிக்காமல் திரும்பி வந்தவன், என் வயசுதான். அவனிடம் பொடி டப்பாவைக் காட்டிச் சொன்னேன்.

"அவன் இத அடிச்சி புதுத் தனிமம் செய்றான். நாம இத அடிச்சி மாதாவுக்கு முக்காடு செய்றோம்" என்றான் அன்சாரி. "சரி மச்சான், புள்ளைக்கு என்னா பேரு?"

"நூத்திப் பத்தொம்போது."

"நூத்தியெட்டுன்னா ஆம்புலன்ஸு. நூத்திப் பத்தொம்போதுன்னா ஒன் புள்ளையா? போன் பண்ணா வருவானா?"

"ராத்திரி பகல் இல்லாம வருவான்."

வீட்டில் அதுவே சுருங்கி 'உன்னு' ஆகிவிட்டது. செலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உன்னு ஒதைக்குது பாரு" என்பாள். மூக்கு யாருடையது, முடி யாருடையது என்று சண்டை வரும். "ரெண்டு உன்னு எனக்குன்னு பஸ்ஸுல சொன்னது யாரு? மூக்கும் எனக்கு, முடியும் எனக்கு. ஒனக்கு ஒண்ணே ஒண்ணு. எது வேணுமோ எடுத்துக்க" என்பாள். நான் எதை எடுப்பது என்று முடிவு செய்யவே இல்லை. நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஏழாம் மாசம் வளைகாப்புக்குப் புடவைகூட எடுத்து வைத்திருந்தோம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. அதைக் கட்டுவதற்கு முன்னாலேயே நீ அவசரப்பட்டுவிட்டாய். அந்த விஷயத்தில் நீ என் பிள்ளைதான், உட்கார மாட்டாய். விடியும்போது வலி வந்தது. அன்சாரி சொன்ன அதே நூற்றியெட்டுக்குத்தான் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் அவளை மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராண்டாவில் நின்றேன்.

அங்கே நிற்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. பன்னிரண்டாவதில் பிசிக்ஸ் வாத்தியார் கதிரியக்கம் நடத்தினார். ஒரு அணுவின் உட்கரு சிதைந்து வேறு உட்கருவாக மாறும். சிதைகிறதற்குத் 'தாய் உட்கரு' என்றும், அதிலிருந்து வருவதற்குச் 'சேய் உட்கரு' என்றும் புத்தகத்தில் போட்டிருக்கும். நான் எழுந்து, "அப்பா உட்கரு எங்க சார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் நிதானமாகச் சொன்னார்: "அது வெளிய வராண்டாவுல நிக்குது. நீயும் போய்த் துணைக்கு நில்லு." பீரியட் முடியும்வரை நின்றேன். அன்றைக்கு அது ஜோக். ஆஸ்பத்திரியில் நின்றபோது அந்த மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்தாங்க. "செலின் வூட்டுக்காரர் யாருங்க?" என்றாங்க. போனேன். உன்னை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கணுக்காலில் ஒரு பட்டை. 'பேபி ஆஃப் செலின்.' பேர் வைக்கும்வரை ஆஸ்பத்திரியிலும் தற்காலிகப் பேர்தான். "நுரையீரல் இன்னும் தயாராவல. பாத்துக்கங்க" என்றாங்க. பார்த்தேன். இரண்டு மூன்று முறை உள்ளே விட்டார்கள். எல்லா முறையும் பார்த்தேன். உன் இடது காது மேல்பக்கம் மடங்கியிருந்தது, என்னுடையது மாதிரியே. சரி, இதுதான் என் பங்கு, எடுத்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாங்க. செலின் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது நீ இல்லை. உயிரோடு உன்னைப் பார்த்தது நான் ஒருத்தன்தான்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர் சின்னதாக ஒரு மரச்சிலுவை கொண்டுவந்திருந்தார். கையில் பெயின்ட் டப்பா. "என்னா பேரு எழுதறது தம்பி?" என்றார். என் வாயில் இருந்தது உன்னு. ஒரு விளையாட்டுப் பேர், தனிமத்தின் பேர், சிலுவையில் எழுதுகிற பேர் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செலினின் அம்மா, என் அத்தை, பின்னாலிருந்து சொன்னாங்க: "பேரு வைக்கலீங்க. அப்படியே வுடுங்க." அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தட்டு தட்டினார். இப்போதும் அந்தச் சிலுவை வெறுமையாகத்தான் இருக்கிறது. யாராவது பேர் கேட்டால் உடனே சொல்லிவிடு, நல்ல பேர் கிடைக்கும்வரை காத்திருக்காதே. இதுவும் உனக்கு வைத்திருந்ததுதான். எனக்கே தாமதமாகத்தான் கிடைத்தது.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. சண்டை இல்லை. சோறு இருக்கும், குழம்பு இருக்கும், "போயிட்டு வரேன்", "வா" எல்லாம் இருக்கும். நீ மட்டும் பேச்சில் இல்லை. அன்சாரி ஆம்புலன்ஸ் ஜோக்கை அதற்குமேல் சொல்லவே இல்லை. நீல டப்பாவை என் பக்கத்திலிருந்து எடுத்து அவன் பக்கத்தில் வைத்துக்கொண்டான், நான் மஞ்சள் அடித்தேன். அத்தை மட்டும் வரும்போதெல்லாம், "பேரு வைக்காததக் கணக்குல வைக்கக் கூடாது, வயித்துக்கு ஆவாது" என்பாங்க. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னது.

நான் திரும்பவும் போனில் தனிமங்களுக்குள் போய்விட்டேன். தூக்கம் வராதவனுக்கு எதையாவது படிக்க வேண்டும். ஒரு புதுத் தனிமத்தை எப்போது தனிமம் என்று ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு விதி இருக்கிறது. அது எவ்வளவு நேரம் இருந்தால் போதும் தெரியுமா? ஒரு நொடியை நூறு லட்சம் கோடித் துண்டாக வெட்டி அதில் ஒரு துண்டு. ஒரு உட்கரு தன்னைச் சுற்றி எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டுமாம். அவ்வளவு இருந்துவிட்டால் அது இருந்தது என்று கணக்கு. அதைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நீ அதைவிட எவ்வளவு நேரம் இருந்தாய். எந்த விதிப்படி பார்த்தாலும் நீ கணக்கில் உண்டு. பக்கத்தில் செலினை எழுப்பிச் சொல்லலாம் என்று கையை நீட்டினேன். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த விதிக்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது. ஒரு ஆய்வுக்கூடம் மட்டும் பார்த்தேன் என்றால் அவசரப்பட்டு ஏற்க மாட்டார்கள். வேறொரு கூடம், தானாக, தன் வழியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அது ஒருவன் சொன்ன கதைதான். அப்புறம்தான் பேர் வைக்கிற உரிமை வரும். எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. பார்த்தவன் நான் ஒருத்தன். இன்னொரு கூடத்துக்கு எங்கே போவேன்?

செலின் மறுபடி உண்டானபோது செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் கார்டை எழுதிக்கொண்டே, "எத்தனாவதும்மா?" என்றாங்க.  செலின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் பொறுக்க முடியாமல், "ரெண்டாவதுங்க" என்றேன். "மொதொ புள்ள எங்க, வூட்ல இருக்குதா?" செலின் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நர்ஸ் புரிந்துகொண்டு கார்டில் ஏதோ எழுதினாங்க. ஜி டூ, பி ஒன், எல் ஜீரோ. கருத்தரித்தது ரெண்டு, பெற்றது ஒன்று, உயிரோடு இருப்பது சைபர். ஏதோ ஒரு சேர்மத்தின் வாய்பாடு மாதிரி இருந்தது.  இரவு செலின் விளக்கை அணைக்கும்போது, "கேட்டது என்னிய" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன். அவள் உன்னை எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. நான் மட்டும் எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இனி நேற்று.

வளைகாப்புக்கு முன்னால் அத்தை என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாங்க. "மாப்ள, ஒண்ணு சொல்றன், கோவிச்சிக்காதீங்க. நாலு பொம்பளைங்க வருவாங்க, நாலு கேப்பாங்க. பழச எடுக்காதீங்க. இது தலைச்சன்னே இருக்கட்டும். மொதொ புள்ளைக்குத்தான் வளையல் போடறது. அது நடக்கல, இது நடக்குது. அவ மனசு தாங்காது."

"சரிங்கத்த."

"நீங்க டக்குனு எதையாவது சொல்லிடுவீங்க, அதான்."

"சொல்ல மாட்டங்கத்த." சத்தியமாகத்தான் சொன்னேன். செலினுக்காக என்றால் வாயை மூடலாம்.

"இன்னொண்ணு. புதுப் புடவ எடுத்து வச்சிருக்கறன், கட்ட மாட்டன்றா. போன வருஷம் எடுத்த அந்த மஞ்சளத்தான் கட்டுவன்னு நிக்கறா. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. புடவைதானே என்று நினைத்தேன். மரமண்டை.

கூடத்தில் செலினை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வளையல்கார பாய் வந்து வாசலிலேயே பெட்டியைத் திறந்து அளவு பார்த்துக் கொடுத்தார். உள்ளே ஒரே பேச்சு, சந்தன வாசனை, எலுமிச்சை சாதம். ஆம்பளைகள் வெளியே பந்தலில். நான் வழக்கப்படி வாசல்படிக்கு இந்தப் பக்கம், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றேன். செலினின் லூர்து பெரியம்மாதான் முதல் வளையல். எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் வளர்த்தவங்க என்பதால் ஊரில் எந்த வளைகாப்புக்கும் அவங்களைத்தான் கூப்பிடுவார்கள். சந்தனம் பூசி, செலின் கையைப் பிடித்து, பந்தல்வரை கேட்கிற குரலில் சொன்னாங்க: "மாதாவே, தலைச்சன் புள்ள, நல்லபடியா பொறந்து, நாலு பேரு மெச்ச வளரணும்."

செலின் கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, மெதுவாக.

"தலைச்சன் இல்ல பெரியம்மா. இது ரெண்டாவது."

 வளையல்கார பாய் பெட்டியில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "செலின்..." என்று அத்தை பக்கத்தில் வந்தாங்க.

"இரும்மா. நீ வேணாம்னு சொல்லி எம்மாம் நாளு நானும் வாய மூடினு இருந்தன். தலைச்சன் பேரு உன்னு. அவங்கப்பா வச்ச பேரு. இந்தப் புடவ அவனுக்கு எடுத்தது. அவனுக்கும் சேத்து ஆசீர்வாதம் பண்ணு பெரியம்மா, இல்லன்னா எனக்கு வளையல் வேணாம்."

லூர்து பெரியம்மா சந்தனக் கையோடு அவள் பக்கம் குனிந்தாங்க. "உன்னுவா? என்னாடி பேரு இது?" என்றாங்க. பிறகு கையை மறுபடி பிடித்து, "சரி, உன்னுவுக்கும்தான் மாதாவே" என்று சொல்லி முதல் வளையலை ஏற்றினாங்க. அத்தை திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாங்க. நான் வாசல்படியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். செலின் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பிப் பார்த்த அதே பார்வை. சிரிப்பு இல்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளும் கூட வந்தாள். கை நிறைய வளையல், நடக்க நடக்கச் சத்தம்.

"நீ எண்ணலன்னு நெனச்சன்" என்றேன்.

"ஏன் அப்புடி நெனச்ச?"

"நர்ஸு கேட்டப்ப எழுந்து போயிட்ட."

"என்னியக் கேட்டதுக்கு நீ சொல்லிட்ட. நான் சொல்லணும்னு எத்தினி நாளா வாய்ல வச்சினு இருந்தன் தெரியுமா. பேர் வச்ச நீயே குழியில போட்டப்போ வாயத் தொறக்கலன்னு அம்மா சொன்னாங்க. அந்தக் கோவம் வேற."

 யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "நீ அவன உசுரோட பாக்கவே இல்ல செலின். நான்தான் பாத்தன். காது மடங்கி இருந்துது. அரை நாளுதான், ஆனா நான் பாத்தன்."

அவள் நின்றுவிட்டாள். "அரை நாளா?" என்றாள். "ஒனக்குத்தான் அவன் அரை நாளு. எனக்கு ஏழு மாசம். காலைல எழுந்தா விக்குவான். நீ வண்டிய நிறுத்துற சத்தம் கேட்டா பொரளுவான். எலுமிச்சை ஊறுகா தின்னா ஒதைப்பான். நான் பாக்கலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

டேய், அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் நீ ஒரு ஷிப்ட்கூட இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன் பார், அது தப்பு. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியட்டும். நான் வராண்டாவில் இருந்து பார்த்தவன், அதனால் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. வேறொரு கூடம், தானாக, தன் வழியில், எனக்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில். நான் அதைத் தேடி ஜப்பான்வரை போய் வந்தேன்.

தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. "அடுத்தது என்னா நம்பரு?" என்றாள் செலின்.

"நூத்தி இருவது. அதையும் இன்னும் யாரும் செய்யல."

"பேரு?"

"உன்பிநிலியம்."

விரலை மடக்கினாள். "உன். பி." மூன்றாவது விரலில் நிறுத்தினாள். "நில்." வளையல் கையை வயிற்றின்மேல் வைத்து, யாரிடமோ கண்டிப்பாகச் சொல்கிற மாதிரி, "நில்லு" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னை ஏறு ஏறு என்று அதட்டினார்.

சோறு ஆறிவிட்டது. சூளையும் ஆறிக்கொண்டிருக்கும். நாளைக்குக் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகப்போகிறேன். அன்சாரியிடம் நீல டப்பாவைத் திருப்பிக் கேட்டு, ஒரு பீங்கான் சில்லில் உன் பேரை எழுதிச் சுட்டுத் தரவும் சொல்லப்போகிறேன். மழை வந்தாலும் அழியாது. மூன்று எழுத்துத்தான். உன்னு. அண்ணனாக நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உன் அம்மா ஒருத்தியிடம் நில் என்று சொல்லியிருக்கிறாள், அல்லது ஒருத்தனிடம். அந்தப் பிள்ளை காதில் அது விழுந்திருந்தால் போதும். நாளைக்கு யாராவது என்னை எத்தனை பிள்ளைங்க என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன், அவளைச் சொல்ல விடுவேன்.

இந்தத் தடவையும் வராண்டாவில்தான் நிற்பேன்.

உன் அப்பா